காவிரிப் படுகையின் கல்வி வரலாறு: கும்பகோணம் கல்லூரியின் தமிழாசிரியர் (1880–1903)

தஞ்சை மாவட்டத்துத் திண்ணைப் பள்ளிகளும் சைவ மடங்களும் தமிழ்க் கல்வியைத் தாங்கி நின்ற முறையை முந்தைய பகுதிகள் விளக்கின. அந்த மரபில் பயின்ற ஒருவர் ஆங்கில அரசின் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்து, மறைந்துவிடும் நிலையிலிருந்த பழந்தமிழ் நூல்களையும், அவற்றோடு சேர்ந்து மறைய இருந்த மரபறிவையும் ஒருசேரக் காத்த 23 ஆண்டுகளை இப்பகுதி எடுத்துக்கொள்கிறது. அவ்வாசிரியர் பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்து வேங்கடசுப்பையரின் மகன் உ. வே. சாமிநாதையர் (1855–1942). பிற்காலத் தமிழுலகம் அவரைத் தமிழ்த் தாத்தா என்று போற்றியது. அந்தப் பெருமையின் ஒளியில் அவர் ஏட்டுச்சுவடி தேடி அலைந்த கதை பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் தேடிக் கண்டெடுத்த ஏட்டை அவர் எவ்வாறு படித்துப் பொருள்கொண்டார், அதற்கு யார் யார் துணை நின்றனர் என்னும் கேள்விக்கு அந்த அளவு இடம் கிடைக்கவில்லை. காவிரிக் கரையின் வரலாற்றை எழுதுவோர் முதலில் கேட்க வேண்டியது இந்தக் கேள்வியைத்தான்.

அவர் கற்ற கல்வியின் பொருளாதார அடிப்படை நெல்லாகும். காவிரியின் கிளையாறுகள் பாயும் நஞ்சை நிலங்களில் விளைச்சலின் ஒரு பங்கு உழுதவருக்குக் குடிவாரமாகவும், மறுபங்கு நிலவுடைமையாளருக்கு மேல்வாரமாகவும் பிரிந்தது. திருவாவடுதுறை, தருமபுரம், திருப்பனந்தாள் போன்ற மடங்கள் பல ஊர்களில் நிலம் உடையவை. மேல்வாரமாக அவற்றின் களஞ்சியங்களுக்கு வந்து சேர்ந்த நெல்லே மாணவர்களின் உணவாகவும், புலவர்களின் ஊதியமாகவும், ஏடெழுதுவோரின் கூலியாகவும் மாறியது. திண்ணைப் பள்ளியிலும் நெல்லின் ஆட்சி தெரிந்தது. பிள்ளைகள் மனப்பாடம் செய்த எண்சுவடி என்னும் வாய்பாட்டு நூலும், நெல்லிலக்கம் என்னும் தானிய அளவைக் கணக்கும், குழிமாற்று என்னும் நில அளவைக் கணக்கும், மரக்காலும் கலமும் புழங்கிய வயற்புறத்து வாழ்க்கைக்கு வேண்டிய பாடங்களாகவே அமைந்திருந்தன. குறுவையும் சம்பாவும் பொய்க்காத ஆண்டுகளில் படிப்பும் பொய்க்கவில்லை என்று சொல்லும் அளவுக்கு, இந்த நாட்டில் உழவும் கல்வியும் பிணைந்திருந்தன.

சாமிநாதையர் 1871-இல் மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் (1815–1876) மாணவராகச் சேர்ந்தார். பிள்ளை திருவாவடுதுறை ஆதீனத்துப் புலவர். தலபுராணம் எனப்படும் கோயில் வரலாற்றுக் காப்பியங்களையும், அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம், உலா போன்ற பிரபந்தங்களையும் நினைத்த மாத்திரத்தில் பாடவல்லவர். அவர் சொல்லச் சொல்ல மாணவர் ஏட்டில் எழுதுவர். எழுதியதை மீண்டும் படித்துக் காட்டுவர். படிக்கும்போதே பொருளும் இலக்கணமும் விளங்கும். ஐந்தாண்டுகளை நெருங்கிய அந்தப் பயிற்சி மாணவரின் காதையும் கையையும் ஒருங்கே பழக்கியது. 1876-இல் பிள்ளை மறைந்தபின், மடத்தின் தலைவரான சுப்பிரமணிய தேசிகர் சாமிநாதையரைத் தம் பாதுகாப்பில் வைத்துக்கொண்டு, மேலும் கற்கவும் பிறருக்குக் கற்பிக்கவும் செய்தார். இந்தக் கல்வியின் ஆழம் பெரிது. அதன் எல்லையும் தெளிவானது. சங்கத் தொகை நூல்களும் சமண, பௌத்தக் காப்பியங்களும் அந்தப் பாடத்திட்டத்தில் இல்லை. மடத்துப் பேழைகளில் அவற்றின் ஏடுகள் கிடந்தன. பாடம் சொல்லும் வழக்கம் மட்டும் பல தலைமுறைகளுக்கு முன்பே அறுபட்டிருந்தது.

கும்பகோணம் அரசுக் கல்லூரி 1854-இல் பள்ளியாகத் தொடங்கிக் கல்லூரியாக உயர்ந்தது. காவிரியின் கரையில் அமைந்த அக்கல்லூரியைத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று அக்காலத்தவர் அழைத்தனர். ஆர்ச்சர் போர்ட்டர், கோபாலராவ் ஆகிய முதல்வர்களின் காலத்தில் அதன் புகழ் மாநிலமெங்கும் பரவியது. அங்கே தமிழாசிரியராக இருந்த பூவாளூர் தியாகராச செட்டியார் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மூத்த மாணவர். உடல்நலம் குன்றி ஓய்வுபெற விரும்பிய அவர், தம் இடத்துக்குச் சாமிநாதையரையே பரிந்துரைத்தார். 1880 பிப்ரவரியில், மாதம் 50 ரூபாய் ஊதியத்தில், சாமிநாதையர் அப்பணியை ஏற்றார். ஒரே குருவின் மாணவர் இருவர், ஒருவர் எழுந்த இருக்கையில் மற்றவர் அமர்ந்தமையால், மடத்துக் கல்வி கல்லூரிக்குள் இடையறாமல் தொடர்ந்தது. பின்னாளில் சென்னையில் தாம் வாழ்ந்த வீட்டுக்குத் தியாகராச விலாசம் என்று அவர் பெயரிட்டது இந்த நன்றியின் அடையாளம்.

ஆங்கிலமும் கணிதமும் தத்துவமும் கற்பித்த பேராசிரியர்களுக்கு இருந்த மதிப்பு அக்காலத்துக் கல்லூரிகளில் தமிழாசிரியருக்கு இல்லை; தமிழ்ப் பாட வேளை மாணவர் இளைப்பாறும் வேளையாகக் கருதப்பட்டது. சாமிநாதையர் செய்யுளை இசையோடு படித்து, சொல்லின் பொருளை வழக்கிலிருந்து எடுத்து விளக்கி, வகுப்பைத் தம் வசமாக்கினார். இசை அவருக்குத் தந்தைவழி வந்த செல்வம்: வேங்கடசுப்பையர் கனம் கிருஷ்ணையரிடம் பயின்ற பாடகர்.

1880 அக்டோபர் 21 அன்று, கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் சந்தித்தார். முன்சீப் என்பது கீழமை நீதிமன்ற நீதிபதியின் பதவி. தாம் கற்ற பிரபந்தங்களையும் புராணங்களையும் சாமிநாதையர் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவற்றால் என்ன பயன் என்று முதலியார் கேட்டதும், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவியதும் தமிழ் வரலாற்றில் புகழ்பெற்ற செய்திகள். முதலியாரின் கேள்வி கடுமையானது. மடத்துக் கல்வியை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்றே தோன்றுகிறது. ஏனெனில், சிந்தாமணியைப் பதிப்பிக்க வேண்டிய மொழிப்பயிற்சியை அந்த மாணவருக்குத் தந்தது முதலியார் பயனற்றதெனக் கருதிய பிரபந்தக் கல்விதான். ஆயினும் அந்தக் கேள்வி எழாதிருந்தால், பேழையில் கிடந்த ஏடுகளை நோக்கி அந்தப் பயிற்சி திரும்பியிருக்காது.

சீவக சிந்தாமணி திருத்தக்கதேவர் என்னும் சமண முனிவர் இயற்றிய காப்பியம். சீவகன் என்னும் அரசகுமாரனின் வரலாற்றை 13 இலம்பகங்களில், அதாவது 13 பெரும் பிரிவுகளில், 3,000-க்கு மேற்பட்ட விருத்தப் பாக்களால் கூறுவது. அதன் முதல் பிரிவான நாமகள் இலம்பகத்தை மட்டும் எச். பவர் என்னும் பாதிரியார் 1868-இல் அச்சிட்டிருந்தார். எஞ்சிய பகுதிகள் முழுவதும் ஏட்டிலும் கையெழுத்துப் படிகளிலுமே இருந்தன. ஏட்டுச்சுவடி என்பது பனையோலைகளைப் பதப்படுத்தி, ஓரளவாக நறுக்கித் துளையிட்டு, கயிற்றில் கோத்து, இருபுறமும் சட்டம் வைத்துக் கட்டிய நூல். இரும்பு எழுத்தாணியால் கீறிய எழுத்து முதலில் நிறமற்றிருக்கும். கரியும் பச்சிலைச் சாறும் பூசிய பிறகே கண்ணுக்குத் தெளிவாகும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்தால் ஓலை கிழியக்கூடும் என்பதால் எழுதுவோர் புள்ளி வைப்பதில்லை. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஒரே வடிவில் நின்றன. ரகரத்துக்கும், நெடிலைக் குறிக்கும் காலுக்கும் வேறுபாடு இல்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை; பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதற்குக் குறியீடும் இல்லை. இவற்றுக்கு மேல், பூச்சி அரித்த துளைகளும், முறிந்த ஓரங்களும், படியெடுத்தவரின் பிழைகளும் இருந்தன.

ஏட்டைப் படிப்பதற்கு எழுத்தறிவு போதாது என்பதை இந்த விவரங்கள் உணர்த்தும். அந்தப் பாட்டை முன்பே காதால் கேட்டிருப்பவருக்கு ஏடு நினைவூட்டும் குறிப்பாகப் பயன்படும். கேட்டறியாதவருக்கு அது பூட்டிய கதவு. மடத்தில் புராணங்களைப் பாடம் கேட்டபோது சாமிநாதையருக்குத் துணையிருந்தது ஆசிரியரின் குரல். சிந்தாமணிக்கு அத்தகைய குரல் மடத்தில் இல்லை. நச்சினார்க்கினியரின் உரை உதவியது. அதுவும் எளிதில் பிடிபடுவதாக இல்லை. அவ்வுரைகாரர் ஒரு பாட்டில் தொலைவில் நிற்கும் சொற்களைப் பொருள்நோக்கிச் சேர்த்து உரைப்பவர். மேற்கோள் காட்டும் பழம்பாடல்களின் நூற்பெயரைப் பல இடங்களில் கூறாமல் விடுபவர். அந்த மேற்கோள்கள் எந்த நூல்களைச் சேர்ந்தவை என்று தேடத் தொடங்கியதே சாமிநாதையரைச் சங்க நூல்களிடம் கொண்டு சேர்த்தது. திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளில் எட்டுத்தொகை நூல்களை அவர் கண்டபோது, தாம் இளமை முழுதும் நடமாடிய இடத்திலேயே அவை இருந்தமை அவருக்கு வியப்பளித்தது.

நூல் சமணருடையதாதலால் அதன் சமயச் சொற்கள் சைவ மடத்தில் பயின்றவருக்கு விளங்கவில்லை. இந்த இடத்தில்தான் காவிரிப் படுகையின் சமூக அமைப்பு அவருக்குக் கைகொடுத்தது. சைவமும் வைணவமும் செழித்த இந்நாட்டில் தமிழ்ச் சமணர்கள் எண்ணிக்கையில் குறைந்தும் மரபில் உறுதியாகவும் வாழ்ந்துவந்தனர். மன்னார்குடியில் மல்லிநாதர் கோயிலும், தீபங்குடியிலும் தஞ்சைக் கரந்தையிலும் கும்பகோணத்திலும் சமணக் கோயில்களும் இன்றும் உள்ளன. கும்பகோணத்துச் சந்திரநாத செட்டியார் என்னும் சமணரின் இல்லத்துக்குச் சாமிநாதையர் தம் ஐயங்களுடன் சென்றார். அவர் சென்ற நேரத்தில் அங்கே சிந்தாமணிச் சிரவணம் முடிவுற்ற மகிழ்ச்சி நிலவியது. சிரவணம் என்பது ஒருவர் நூலைப் படித்துப் பொருள் சொல்ல, குடும்பத்தாரும் சுற்றத்தாரும் பல நாள் அமர்ந்து கேட்கும் சமயக் கடமை. தமிழ்ப் புலவர் உலகம் மறந்துவிட்டதாக எண்ணிய நூலொன்று, கல்லூரிக்கு அண்மையில் ஒரு வீட்டுக் கூடத்தில், தொடக்கம் முதல் இறுதி வரை படிக்கப்பட்டு விழாவுடன் நிறைவுபெற்றுக்கொண்டிருந்தது.

அங்கிருந்த வீடூர் அப்பாசாமி நயினார் சிந்தாமணியில் ஆழ்ந்த பயிற்சி உடையவர். நயினார் என்பது தமிழ்ச் சமணரின் பட்டப்பெயர். ஏட்டில் தடுமாறிய இடங்களுக்கு அவர் தயக்கமின்றி விளக்கம் தந்தார். சீவசம்போதனை, ஸ்ரீபுராணம் போன்ற சமண நூல்களின் துணையும், சமணரின் நோன்பு, வழிபாடு, வாழ்க்கைமுறை பற்றிய நேரடி அறிவும் இவ்வாறே அவருக்குக் கிடைத்தன. அவருடைய ஆர்வத்தைக் கண்ட சமண இல்லத்தார் அவரைப் பவ்ய ஜீவன் என்று மதித்தனர். முத்தி பெறுவதற்குத் தகுதி வாய்ந்த உயிரை அச்சொல் குறிக்கும்; தம் சமயத்தவரல்லாத ஒருவரை இவ்வாறு அழைத்தது பெருந்தன்மையான செயல். சிந்தாமணியைச் சாமிநாதையர் ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதும் வழக்கம் இந்த இல்லங்களுக்கு நியாயம் செய்யவில்லை. நூலைத் தொலைத்தவர்கள் புலவர்கள். அதைத் தம் வீட்டில் விளக்கேற்றிப் படித்துவந்தவர்கள் தொலைக்கவில்லை. சாமிநாதையரின் பெருமை, அவர்களிடம் மாணவராக அமர்ந்து கேட்டதிலும், கேட்டதை மறைக்காமல் எழுதிவைத்ததிலும் விளங்குகிறது.

இத்தகைய பணியின் தன்மையைப் பிற நாட்டு நிகழ்வொன்றோடு ஒப்பிடுவது பயன் தரும். வட அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் வாழும் குரோ என்னும் பழங்குடியினரின் மொழி நெடுங்காலம் எழுத்து வடிவம் இன்றிப் பேச்சிலும் கதையிலும் வாழ்ந்தது. பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் சேர்த்து, தாய்மொழி பேசுவதைத் தடுத்த அமெரிக்க அரசின் கல்விக்கொள்கை அத்தகைய மொழிகள் பலவற்றை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது. அக்குடியில் பிறந்த ஜோசஃப் மெடிசின் குரோ (1913–2016) பல்கலைக்கழகம் சென்று 1939-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் தம் குலமூத்தோரிடம் கேட்டவற்றை எழுதியும் கற்பித்தும், அக்குடியின் வரலாற்றறிஞராக நூற்றாண்டைக் கடந்து வாழ்ந்தார். 1980-இல் அம்மக்கள் தமக்கென நிறுவிய லிட்டில் பிக்ஹார்ன் கல்லூரியில் அம்மொழி பாடமாக இடம்பெற்றது. எழுத்தில்லா மொழிக்கும் ஈராயிரம் ஆண்டு எழுத்துடைய தமிழுக்கும் வேறுபாடு மிகப் பெரிது. ஆயினும், இரண்டு இடங்களிலும் ஆசிரியர் செய்த வேலை ஒரே வகையானது: வீட்டுக்குள் இருந்த மூத்தோரின் அறிவை, அது அவர்களோடு மறையுமுன், வகுப்பறைக்கு உரியதாக்கியது. தமிழுக்கு எழுத்து இருந்தமையால் வாய்மொழி தேவைப்படவில்லை என்று எண்ணுவோர்க்குக் கும்பகோணத்துச் சிரவணம் தக்க விடையாகும்.

வாய்மொழி உதவி புலமை உடையோரிடமிருந்து மட்டும் வந்ததன்று. இடையன் வெட்டிய மரத்தை உவமையாகக் கூறும் இடம் ஒன்று சிந்தாமணியில் உள்ளது; மரத்தை யார் வெட்டினால் என்ன, இடையன் வெட்டியதற்கு மட்டும் என்ன சிறப்பு என்பது நூல்களால் விளங்காத ஐயமாக இருந்தது. ஆடு மேய்ப்பவர் ஒருவரின் பேச்சிலிருந்து அதன் பொருள் வெளிப்பட்டது. ஆடுகளுக்குத் தழை வேண்டிக் கிளையை வெட்டும் இடையர், அதை முற்றும் துண்டிக்காமல் பட்டையோடு ஒட்டித் தொங்குமாறு விடுவர். ஆடு தின்னத் தழை தாழ்ந்து கிடைக்கும், மரமும் பட்டுப்போகாது. முழுதும் அழியாமலும் முழுதும் தழைக்காமலும் நிற்கும் நிலைக்கு அது உவமை. பல நூற்றாண்டுகளுக்கு முன் புலவர் கண்ட தொழில்முறை 19-ஆம் நூற்றாண்டிலும் மேய்ச்சல் நிலத்தில் மாறாமல் இருந்ததனாலேயே அந்த அடி பொருள் பெற்றது. சாமிநாதையர் இந்தச் செய்தியைத் தனிக் கட்டுரையாகவே எழுதினார்.

கல்லூரியும் தன் பங்கைச் செய்தது. மணிமேகலையைப் பதிப்பிக்க முற்பட்டபோது சமணத்துக்குக் கிடைத்தது போன்ற துணை பௌத்தத்துக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கவில்லை. அச்சமயத்தைப் பின்பற்றும் குடும்பங்கள் சோழநாட்டில் இல்லாமற்போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியார் ஐரோப்பிய அறிஞர்கள் எழுதிய பௌத்த ஆராய்ச்சி நூல்களை ஆங்கிலத்தில் படித்து அவருக்குத் தமிழில் விளக்கினார். ஆங்கிலம் அறியாத தமிழாசிரியரும் பழைய தமிழில் பயிற்சியில்லாத பேராசிரியரும் சேர்ந்து பல ஆண்டுகள் ஒரு நூலைப் படித்தது இந்தியக் கல்வி வரலாற்றில் எண்ணிப்பார்க்கத் தக்க நிகழ்ச்சி. சமணத்தில் அறுபடாத வாய்மொழி மரபு செய்த உதவியை, பௌத்தத்தில் கடல்கடந்து வந்த அச்சு நூல்கள் செய்ய வேண்டியதாயிற்று. புறநானூற்றுப் பதிப்புக்கும் கல்லூரியிலிருந்தே ஒரு தூண்டுதல் வந்தது. அக்காலத்து முதல்வர் ஜே. எம். ஹென்ஸ்மன் காட்டிய விவிலியப் பதிப்பு ஒன்றில் ஒத்த கருத்துடைய பகுதிகள் ஆங்காங்கே குறிக்கப்பட்டிருந்தமையைக் கண்ட சாமிநாதையர், பிற தமிழ் நூல்களில் காணும் ஒப்புமைப் பகுதிகளைத் திரட்டி அடிக்குறிப்பாகத் தரும் முறையை விரிவாகக் கையாண்டார்.

அவருடைய வேலைமுறை வகுப்பறையின் முறையை ஒத்தது. ஒருவர் ஒரு சுவடியை உரக்கப் படிக்க, மற்றவர்கள் தத்தம் கையிலுள்ள சுவடிகளோடு ஒப்புநோக்கி, வேறுபடும் இடத்தில் நிறுத்துவர். வேறுபாடுகள் பாடபேதமாகக் குறிக்கப்படும். பாடபேதம் என்பது ஒரே இடத்தில் வெவ்வேறு சுவடிகள் காட்டும் வெவ்வேறு சொல்வடிவம். மாணவரும் நண்பரும் இதில் பங்கேற்றனர். பதிப்பின் முன்னும் பின்னும் அவர் சேர்த்த நூலாசிரியர் வரலாறு, உரைகாரர் வரலாறு, கதைச் சுருக்கம், அரும்பத அகராதி, மேற்கோள் விளக்கம் ஆகியவை, நேரில் ஆசிரியரைப் பெறாத மாணவரும் நூலைத் தாமே கற்பதற்கென அமைந்தவை. சிந்தாமணிச் சிரவணத்தில் அப்பாசாமி நயினார் இருந்த இடத்தை அச்சுப் புத்தகத்தில் இந்த முன்னுரைகளும் அகராதிகளும் நிரப்பின.

காலம் கடந்துவிட்ட இடங்களும் உண்டு. ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றான வளையாபதியின் சுவடியைத் திருவாவடுதுறை மடத்தில் மாணவராக இருந்தபோது தாம் பார்த்ததாகச் சாமிநாதையர் எழுதியுள்ளார்; பதிப்புப் பணியில் இறங்கிய பின் தேடியபோது அது அங்கில்லை, வேறெங்கும் கிடைக்கவும் இல்லை. உரையாசிரியர்கள் மேற்கோளாகக் காட்டிய பாடல்களும் புறத்திரட்டு என்னும் தொகை நூலில் சேர்ந்த பாடல்களும் தவிர வளையாபதி இன்று இல்லை. காப்பியம் ஒன்று ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள், அவர் கண்ணெதிரே இருந்து மறைந்தது. திருநெல்வேலிச் சீமையின் கரிவலம்வந்தநல்லூரில் கோயில் சுவடிகள் பழுதுற்றவை என்று நெய் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டதை அவர் கேட்டறிந்து வருந்தியதும், ஆடிப்பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கத்தால் எண்ணற்ற சுவடிகள் காவிரியிலும் பிற ஆறுகளிலும் சென்றதும் அறியப்பட்டவை. ஆற்றில் விட்டவர்களைக் குறைகூறுவது எளிது. தாமே படிக்க இயலாத, படித்துச் சொல்ல ஆளில்லாத ஏட்டைப் புனிதம் கெடாமல் அனுப்பிவைக்கும் வழியாகவே அவர்கள் அதைக் கருதினர். முதலில் அறுபட்டது பாடம் கேட்கும் வழக்கம். ஓலையின் அழிவு அதைத் தொடர்ந்து வந்தது. தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னர் (ஆட்சி 1798–1832) வளர்த்த சரசுவதி மகால் போன்ற நூலகம் ஓலையைக் காக்க முடியும்; ஓலையைப் பாடமாகச் சொல்லும் ஆசிரியரை உருவாக்குவது நூலகத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது.

இப்பணியில் அவர் தனியாக இல்லை. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை (1832–1901) வீரசோழியத்தை 1881-இலும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885-இலும் கலித்தொகையை 1887-இலும் வெளியிட்டவர். கும்பகோணத்திலேயே சில காலம் வழக்கறிஞராக இருந்தவர். சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க அவர் விரும்பிக் கேட்டபோது சாமிநாதையர் இணங்கவில்லை. இருவருக்கும் இடையிலிருந்த இந்த இழுபறியைச் சிலர் பகையாகப் பெரிதாக்கியுள்ளனர்; தாமோதரம் பிள்ளையின் முன்முயற்சி இன்றிப் பழந்தமிழ்ப் பதிப்பு என்னும் துறையே அந்த வேகத்தில் வளர்ந்திராது. சைவருள் சிலர், மடத்தின் ஆதரவில் வளர்ந்தவர் சமண நூலை அச்சிடுவதா என்று குறைகூறினர். சுப்பிரமணிய தேசிகர் அக்குறையைப் பொருட்படுத்தாமல் சுவடி தந்தும் ஊக்கியும் துணைநின்றார். சமய எல்லையைத் தமிழ் கடக்கலாம் என்று ஒரு சைவ மடாதிபதி ஏற்றுக்கொண்டமை, சமண இல்லத்தார் காட்டிய பெருந்தன்மைக்கு இணையானது. 1887-இல் சிந்தாமணி முழுதும் நச்சினார்க்கினியர் உரையோடு வெளிவந்ததைக் கண்ட தேசிகரும் தியாகராச செட்டியாரும் அடுத்த ஆண்டே மறைந்தனர்.

பின்னர் 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1895-இல் புறப்பொருள் வெண்பாமாலை, 1898-இல் மணிமேகலை, 1903-இல் ஐங்குறுநூறு என நூல்கள் தொடர்ந்தன. அச்சகம் சென்னையில் இருந்தது. கல்லூரி விடுமுறைகளில் இரயிலேறிச் சென்றும், பாட நாட்களில் அச்சுப்படிகளை அஞ்சலில் பெற்றுத் திருத்தியும், முன்பணம் செலுத்துவோரைத் தேடியும், கடன் வாங்கியும் இப்பதிப்புகள் நிறைவேறின.

இவற்றுள் சிலப்பதிகாரம் தஞ்சை நாட்டின் மற்றொரு மரபோடு நேராகத் தொடர்புடையது. அதன் அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரை, பழந்தமிழரின் பண், யாழ், குழல், ஆடல் பற்றிய கலைச்சொற்கள் நிறைந்தது. சாமிநாதையர் இசையை நன்கறிந்தவர். மாயூரத்தில் இருந்தபோது நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை பயின்று, தம் ஆசிரியருக்கு அது உவப்பாக இல்லை என அறிந்து நிறுத்தியவர். அவ்வாறு இருந்தும் அந்தக் கலைச்சொற்கள் பலவற்றுக்கு விளக்கம் எங்கும் கிடைக்கவில்லை. கர்நாடக இசைக்குத் தலைநகரான தஞ்சையிலேயே பண்ணிசையின் பழைய பெயர்களுக்கும் நடைமுறை இராகங்களுக்கும் இடையிலிருந்த கயிறு அறுந்திருந்தது. அவர் மூலத்தையும் உரையையும் தம் ஊகத்தால் மாற்றாமல் உள்ளவாறே அச்சிட்டார். விளங்காததை விளங்காததாகவே விட்டுவைத்த இந்த நேர்மையின் பயன் பின்னர்த் தெரிந்தது. தஞ்சையில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து சித்த மருத்துவரான ஆபிரகாம் பண்டிதர் (1859–1919), அச்சில் கிடைத்த சிலப்பதிகார உரையை ஆதாரமாகக் கொண்டு தமிழிசையின் சுருதிகளை ஆராய்ந்து, 1912 முதல் தஞ்சையில் இசை மாநாடுகள் கூட்டி, 1917-இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். அதன்பின், மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் அதே பகுதியை ஆராய்ந்து எழுதிய யாழ்நூல் 1947-இல் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது.

இசைவாணர்களின் வாழ்க்கையைச் சாமிநாதையர் பதிவுசெய்ததும் இதே கடமையுணர்வினால்தான். கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், வையைச்சேரியில் பிறந்த மகாவைத்தியநாதையர் ஆகியோரின் வரலாறுகளையும், தம் ஆசிரியரின் வரலாற்றை 1933, 1934 ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாகவும் அவர் எழுதினார். புலவர்கள் எவ்வாறு பாடம் சொன்னார்கள், மடத்தில் மகேசுவர பூசை எனப்படும் அடியார்க்கு உணவளிக்கும் விழா எவ்வாறு நடந்தது, திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணவன் எவ்வாறு வகுப்பை நடத்தினான், மாலையில் பிள்ளைகள் எவ்வாறு முறை சொன்னார்கள் என்பன போன்ற செய்திகள் அரசு ஆவணங்களில் கிடைப்பவை அல்ல. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த அவருடைய என் சரித்திரம் மணிமேகலைப் பதிப்பின் காலத்தோடு நின்றுவிட்டது. ஆயினும் காவிரிப் படுகையின் 19-ஆம் நூற்றாண்டுக் கல்வியை ஆராய்வோருக்கு அதைவிட நெருங்கிய சான்று வேறில்லை. சாதி வேறுபாடுகளையும் பெண்கல்வியின்மையையும் அவர் பெரும்பாலும் தம் காலத்து இயல்பாகவே எழுதிச் செல்கிறார். அவர் பதிவுசெய்த கல்விமரபின் வாசல் உழைக்கும் மக்களில் மிகப் பலருக்கும், ஏறத்தாழ எல்லாப் பெண்களுக்கும் மூடியிருந்தது என்பதை வாசிப்போர் மறத்தலாகாது. நெல் விளைவித்தவரின் பிள்ளைகள் அந்த நெல்லால் நடந்த மடத்துப் பாடத்தில் அமர முடியாமற்போனது இந்த வரலாற்றின் ஆறாத குறை.

1903-இல் சாமிநாதையர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்றார். அடுத்த ஆண்டு வெளிவந்த பதிற்றுப்பத்து கும்பகோணத்து உழைப்பின் தொடர்ச்சி. 1919 வரை அங்கே பணியாற்றி ஓய்வுபெற்ற அவருடைய பிற்காலப் பதிப்புகளான பரிபாடலும் (1918), பெருங்கதையும் (1924), குறுந்தொகையும் (1937) சென்னைக் காலத்தைச் சேர்ந்தவை. அவர் சென்ற பிறகு காவிரிக் கரையில் தமிழ்க் கல்விக்கான முயற்சி தனி ஆசிரியரிடமிருந்து அமைப்புகளிடம் மாறத் தொடங்கியது. 1911-இல் தஞ்சைக் கரந்தையில் தோன்றிய தமிழ்ச் சங்கமும், அதை நெடுங்காலம் தலைமையேற்று நடத்திய த. வே. உமாமகேசுவரனாரும், 1938-இல் அங்கே உருவான புலவர் கல்லூரியும் அடுத்த பகுதியின் பொருளாகும்.